யாருக்கு, எப்போது தெரிய வேண்டும்? ஷாட் பிரிப்பதற்கு முன் ஒரு கேள்வி

காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பாடங்கள் தனித்தனியாகவே கிடைக்கின்றன. ஒரு வகுப்பில் லென்ஸ், ஷட்டர், லைட்டிங். இன்னொன்றில் ப்ராப், தொதொரோவ் போன்ற கதைக் கோட்பாட்டாளர்கள், திரைக்கதையைத் தொடக்கம், நடு, முடிவு என்று பிரிக்கும் மூன்று அங்கங்கள். முதல் வகுப்பு கேமராவோடும் இரண்டாவது தேர்வுத்தாளோடும் முடிந்துவிடும். குறும்படம் எடுக்கும்போது இந்தப் பிளவு வெளிப்படுகிறது. ஷாட்கள் அழகாக இருக்கும், ஆனால் இந்த இடத்தில் ஏன் க்ளோஸ்-அப் என்று கேட்டால் பதில் வராது.

இரண்டு பாடங்களையும் ஒட்டவைக்க ஒரு கேள்வி போதும். இந்தச் செய்தி பார்வையாளருக்கு எப்போது தெரிய வேண்டும், யாரோடு சேர்ந்து தெரிய வேண்டும்? ஷாட்டின் அளவு, கேமராவின் இடம், வெட்டு விழும் பிரேம், மைக்கில் பதிவாகும் சத்தம் எல்லாமே இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்கள்தான். இதை ஒரு சின்னக் காட்சியை வைத்துப் பார்க்கலாம்.

இரவு 8 மணி. ஒரு வீட்டின் கூடம். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அக்கா பின்கட்டில் அவன் சட்டைக் காலருக்கு பிரஷ் போடுகிறாள். சட்டைப் பையில் ஓர் அடகுச் சீட்டு. பீரோவில் இருக்க வேண்டிய அம்மாவின் சங்கிலியை அவன் அடகு வைத்துவிட்டான். அக்கா கூடத்துக்கு வந்து கேட்கிறாள்: “நாளைக்குக் கல்யாணத்துக்குப் போட்டுக்கணும், அம்மா சங்கிலியைக் கொஞ்சம் எடுத்துத் தாடா.” அவன் சாப்பிடுவதை நிறுத்தாமல், “பீரோ சாவி எங்கன்னு தெரியலக்கா” என்கிறான். அவள் சீட்டை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். இவ்வளவுதான்.

நடந்தவை நடந்த வரிசையில் இருப்பது கதை. அதில் எதை முன்னால் காட்டுகிறோம், எதைப் பின்னால் தள்ளுகிறோம், எதைக் காட்டாமலே விடுகிறோம் என்பது கதைப்பின்னல். 1910-களிலும் 20-களிலும் ரஷ்ய உருவவாதிகள் என்ற இலக்கிய ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். மேலே உள்ள கதை ஒன்றுதான். அதற்குக் குறைந்தது மூன்று கதைப்பின்னல்கள் உண்டு.

முதல் வகையில் அக்கா சீட்டை எடுப்பதை நாம் பார்த்துவிடுகிறோம். அதன்பின் அவள் கேட்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு சோதனை. பொய் சொல்வானா, ஒப்புக்கொள்வானா என்று காத்திருக்கிறோம். இரண்டாவது வகையில், தம்பி சீட்டைப் பையில் செருகுவதைத் தொடக்கத்திலேயே பார்க்கிறோம், பிறகு அவனோடு கூடத்திலேயே இருந்துவிடுகிறோம். அக்காவுக்குத் தெரிந்ததா இல்லையா என்பது அவனைப் போலவே நமக்கும் தெரியாது. மூன்றாவதில் சீட்டு என்ற ஒன்று இருப்பதே கடைசி ஷாட் வரை மறைக்கப்படுகிறது. சாதாரண வீட்டுப் பேச்சு போலப் போய், தட்டுக்குப் பக்கத்தில் சீட்டு வரும்போது அதிர்ச்சி.

பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ஜெரார் ஜெனெத் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், சொல்பவருக்குத் தெரிந்ததையும் பாத்திரத்துக்குத் தெரிந்ததையும் ஒப்பிட்டு மூன்று நிலைகளைச் சொல்கிறார்: சொல்பவருக்கு அதிகம் தெரியும், இருவருக்கும் ஒரே அளவு தெரியும், சொல்பவர் பாத்திரம் அறிந்ததைவிடக் குறைவாகச் சொல்கிறார். தொதொரோவ் முன்பே வகுத்திருந்த ஒப்பீடுதான் இது. இன்னொரு கதைக் கோட்பாட்டாளரான மெய்ர் ஸ்டெர்ன்பெர்க் இதை வாசகர் பக்கமிருந்து பார்த்தார். இனி என்ன ஆகும் என்ற பதைப்பு, முன்பு என்ன நடந்தது என்ற ஆவல், எதிர்பாராமல் தாக்கும் வியப்பு என்ற மூன்றுமே தகவலை எப்போது தருகிறோம் என்பதில் பிறக்கின்றன என்றார். நம் மூன்று வகைகளையும் இதன் மேல் வைத்துப் பாருங்கள். கோட்பாடு தேர்வுக்கு மட்டுமல்ல, ஷாட் பட்டியலுக்கும் உதவும் என்பது அப்போது புரியும்.

ப்ராப்பையும் இங்கே சொல்லிவிடலாம். அவர் 1928-இல் பிரித்த 31 செயற்கூறுகள், அதாவது கதையில் பாத்திரங்கள் செய்யும் அடிப்படைச் செயல்கள், ரஷ்ய மாயக் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றை 8 நிமிடக் குறும்படத்தின் மேல் ஒட்டி நாயகன், வில்லன், உதவியாளர் என்று பெயர் கொடுப்பதால் எந்த ஷாட்டும் தேறாது. மூன்று அங்க வார்ப்பும் இரண்டு மணி நேரப் படத்துக்கானது. இடைவேளையை வைத்து இரண்டு பாதியாகத் திரைக்கதை எழுதும் நம் ஊர்ப் பழக்கத்துக்கே அது முழுதாகப் பொருந்துவதில்லை. குறும்படத்தில், செய்தி யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கணக்குதான் அதிகம் பயன்படுகிறது.

வெட்டு இந்தக் கணக்கை எவ்வளவு மாற்றும் என்பதற்கு 1903-ஆம் ஆண்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் போர்ட்டர் எடுத்த ‘லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்’ படத்தில் எரியும் வீட்டிலிருந்து தாயும் குழந்தையும் மீட்கப்படுகிறார்கள். மீட்பு முழுவதையும் முதலில் அறைக்குள்ளிருந்து காட்டிவிட்டு, அதே மீட்பைத் தெருவிலிருந்து இன்னொரு முறை முழுவதுமாகக் காட்டுகிறார் போர்ட்டர். உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி வெட்டிய ஒரு பிரதியும் புழக்கத்தில் இருந்தது. குறுக்கு வெட்டு 1903-இலேயே வந்துவிட்டது என்பதற்கு அதைப் பலகாலம் ஆதாரமாகக் காட்டினார்கள். பதிப்புரிமைக்காக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஒப்படைத்திருந்த காகிதப் பிரதியோடு ஒப்பிட்டபோதுதான், யாரோ பிற்காலத்தில் வெட்டி ஒட்டியது அது என்று தெளிவானது. மூலத்தில் முதல் முறை பார்த்து முடித்ததுமே பிழைத்துவிட்டார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும். பிந்தைய பிரதியில் கடைசி வரை தெரியாது. எடுத்த காட்சிகள் ஒன்றுதான், பதைப்பை உண்டாக்கியது வெட்டு.

ஒரே நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பச் சொல்வதை ஜெனெத் ‘எத்தனை முறை’ என்ற தலைப்பில் வைக்கிறார். தமிழில் 1954-இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய, பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ அதற்குச் சிறந்த பாடம். ஒரே கொலையைச் சந்தேகத்துக்கு உள்ளானவர்களின் கோணங்களில் அது திரும்பத் திரும்பப் பார்க்கிறது.

இனி படப்பிடிப்பு. மேலே உள்ள காட்சிக்கு ஆறு கேமரா அமைப்புகள் போதும்: இருவரும் தெரிய முழுக் காட்சியையும் எடுக்கும் மாஸ்டர், சீட்டை மட்டும் நெருக்கத்தில் காட்டும் இன்செர்ட், அக்காவின் தோளோடு தம்பி, தம்பியின் தோளோடு அக்கா, இருவரின் தனித்தனி க்ளோஸ். தோளோடு எடுப்பதை நம் ஊர் செட்டில் சஜஷன் ஷாட் என்பார்கள். மாணவர் குழு ஓர் அமைப்புக்கு 40 நிமிடம் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், ஆறுக்கு 4 மணி நேரம். மாஸ்டரிலேயே 15 டேக் போனால் மாலையில் க்ளோஸுக்கு நேரம் இருக்காது. இந்தக் காட்சிக்கு உயிர் க்ளோஸில் இருப்பதால் மாஸ்டரை மூன்று டேக்கில் முடித்துக்கொள்ளுங்கள். எடிட்டில் அது 10 நொடிக்கு மேல் வராது.

யாருடைய க்ளோஸ் தேவை என்பது எந்த வகையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் வகையில் அக்காவுக்குத் தெரியும் என்று நமக்குத் தெரியும். ஆகவே அவள் கேள்வி முடியும் முன்பே தம்பியின் முகத்துக்குப் போய்விட வேண்டும். சோறு பிசையும் கை நிற்கிறதா என்பதுதான் அப்போதைய செய்தி. இரண்டாவது வகையில் அக்காவின் முகத்தைத் தம்பி பார்க்கும் அளவுக்குத்தான் நாமும் பார்க்கலாம். அவன் தலை நிமிராவிட்டால் அவளுடைய கால்கள், ஈரப் புடவைத் தலைப்பு, அவ்வளவே. மூன்றாவது வகைதான் சிக்கலானது. அக்காவுக்கு க்ளோஸ் வைத்தால் நடிகை எதையோ தெரிந்துகொண்டு கேட்கிறாள் என்று முகம் காட்டிக்கொடுக்கும். முகத்தில் எதுவும் காட்ட வேண்டாம் என்று சொல்லி நடிக்கவைத்தால், இரண்டாம் முறை பார்ப்பவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வரும். அவளை மிட் ஷாட்டில், ஏதோ வேலையில், பாதி முதுகு தெரிய வைப்பதே நேர்மையான வழி. முதல் முறை அது சாதாரணமாகத் தெரியும். திரும்பப் பார்க்கும்போது அவள் ஏன் முகத்தைக் காட்டவில்லை என்று புரியும்.

முகத்தில் என்ன நடிப்பு வேண்டும் என்பதற்குக் ரஷ்ய இயக்குநர் குலெஷோவின் சோதனையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நடிகர் மொஸ்ஸூகினின் ஒரே முகத்தை சூப்புத் தட்டு, சவப்பெட்டியில் கிடக்கும் பெண், பொம்மையோடு விளையாடும் சிறுமி ஆகியவற்றோடு ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உணர்ச்சியைக் கண்டார்கள் என்று இன்னொரு ரஷ்ய இயக்குநரான புதோவ்கின் எழுதினார். அந்தப் படத்துண்டு இன்று நம்மிடம் இல்லை. நடிப்பே தேவையில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. அடகுச் சீட்டைப் பார்த்த பிறகு வரும் அக்காவின் முகத்தில் பாதி வேலையைச் சீட்டே செய்துவிடும், நடிகை மிச்சத்தைச் செய்தால் போதும். புருவத்தைச் சுருக்கி, பெருமூச்சு விட்டு இரண்டையும் தானே செய்தால் அதிகமாகிவிடும்.

‘லைன்’ எனப்படும் கோடு ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பேசும் இருவரில் ஒருவரிலிருந்து மற்றவர் வரை ஒரு கற்பனைக் கோடு இழுத்து, கேமரா எப்போதும் அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். லைன் கிராஸ் ஆனால் இரண்டு க்ளோஸ்களிலும் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். எதிரெதிரே இருப்பவர்கள் எங்கோ இருக்கும் மூன்றாவது ஆளைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். மாணவர்கள் கிராஸ் செய்வது பெரும்பாலும் மதிய இடைவேளைக்குப் பிறகுதான். லைட்டை நகர்த்த வசதியாக கேமராவும் எதிர்ப்பக்கம் போய்விடும். தரையில் டேப் ஒட்டிவைத்தால் போதும். கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஷாட்டுக்குள்ளேயே கேமரா நகர்ந்து தாண்டலாம், அல்லது பாத்திரம் எழுந்து நடந்து புதிய கோடு ஒன்றை உண்டாக்கலாம். அக்கா தண்ணீர் எடுத்துக்கொண்டு தம்பியின் முதுகுப்புறமாகச் சுற்றி மறுபக்கம் வந்து சீட்டை வைத்தால், அதுவரை இருந்த இடவலம் புரண்டுவிடும். யார் கை ஓங்கியிருக்கிறது என்பதும் அதே நொடியில் மாறுகிறது. விதியை மீறாமலே விதியால் ஒரு பொருள் கிடைக்கும் இடம் இது.

இரு க்ளோஸ்களும் ஒரே லென்ஸில், ஒரே தூரத்தில் எடுக்கப்பட வேண்டும். முகம் பிதுங்குவதும் தட்டையாவதும் லென்ஸின் எண்ணால் அல்ல, கேமரா நிற்கும் தூரத்தால். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாரில் சுமார் 75 போல நடந்துகொள்ளும், க்ளோஸுக்கு நன்றாக இருக்கும். சின்ன அறையில் பின்வாங்க இடமில்லாமல் 18-ஐப் போட்டு முகத்துக்கு இரண்டடியில் போனால் மூக்கு பெரிதாகும். அதற்குப் பதில் நடிகர்களைச் சுவரிலிருந்து முன்னே இழுங்கள், மேசையை நகர்த்துங்கள். ஒரே பக்கமிருந்து அடுத்த ஷாட்டுக்குப் போகும்போது கேமராவைக் குறைந்தது 30 டிகிரியாவது திருப்புங்கள் அல்லது அளவை நன்றாக மாற்றுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் படம் வெட்டாகத் தெரியாது, பழுதாகத் தெரியும்.

சீட்டின் இன்செர்ட்டை அவசரத்தில் எடுக்காதீர்கள். முழுக் காட்சியும் அதன்மேல் நிற்கிறது. தாளில் ‘அடகு’ என்ற சொல்லும் ‘சங்கிலி’ என்ற சொல்லும் பெரிதாக இருக்கட்டும், மற்றவை சிறிய எழுத்தில் போதும். உண்மையான கடைப் பெயரோ தொலைபேசி எண்ணோ வேண்டாம். வழவழப்பான தாள் விளக்கைப் பிரதிபலிக்கும், சாணித்தாள் நல்லது. எடிட்டில் அதை எவ்வளவு நேரம் வைப்பது என்பதற்கு எளிய வழி, அதிலுள்ளதை வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம். எடுத்த நீங்கள் அதை நூறு முறை படித்திருப்பதால் பாதி நேரமே போதும் என்று தோன்றும். அந்த எண்ணத்தை நம்பாதீர்கள்.

விளக்கொளியில் பட்டை பட்டையாக ஓடுவது நம் ஊரில் அடிக்கடி வரும் கேடு. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. கைபேசிகள் இயல்பாக நொடிக்கு 30 பிரேம், 1/60 நொடி ஷட்டர் என்ற கணக்குக்குப் போகும்போது துடிப்பும் ஷட்டரும் ஒத்துப்போவதில்லை. 25 பிரேம், 1/50 வையுங்கள். 24 பிரேமில் எடுத்தாலும் ஷட்டரை 1/50-இல் பூட்டுங்கள். மெதுவோட்டத்துக்கு 50 பிரேம், 1/100. மலிவான எல்.இ.டி. விளக்குகளில் இதுவும் போதாமல் போகலாம். 10 நொடி எடுத்துப் பெரிய திரையில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரவுக் காட்சியைப் பகலில் எடுப்பதானால் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். ஒளியின் நிறத்துக்கேற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் தம்பியின் க்ளோஸ் மஞ்சளாகவும் அக்காவின் க்ளோஸ் நீலமாகவும் வந்து நிற்கும்.

சத்தத்தைத்தான் கடைசியில் நினைக்கிறோம். ஆனால் யாருக்கு என்ன தெரியும் என்ற கணக்கில் அதற்குத்தான் பலம் அதிகம். இரண்டாவது வகைக்குத் திரும்புவோம். நாம் தம்பியோடு கூடத்தில் இருக்கிறோம், சீட்டு பையில் இருப்பது நமக்குத் தெரியும். பின்கட்டிலிருந்து சரக் சரக் என்று பிரஷ் சத்தம். திடீரென்று அது நிற்கிறது. குழாய் மட்டும் சொட்டுகிறது. தம்பி தலையைத் தூக்காமல் காதைக் கொடுக்கிறான். அக்காவைக் காட்டவே இல்லை, கண்டுபிடித்துவிட்டாளோ என்ற பயம் வந்துவிட்டது. பாத்திரத்தின் அனுபவத்துக்குள் போவதென்றால் அவன் கண்ணாக கேமராவை வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்பதை நாமும் கேட்பது, அவன் கண்ணுக்குப் பதிலாகக் கேமராவை வைப்பதைவிட நெருக்கமானது.

இதற்கு பிரஷ் சத்தத்தைத் தனியாக, குளியலறை எதிரொலி இல்லாத இடத்தில், இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். செட்டில் நிஜமாக பிரஷ் போட்டால் வசனத்தின் மேல் படிந்து, எங்கே நிற்க வேண்டும் என்பதை எடிட்டில் நகர்த்த முடியாமல் போகும். வசனம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவாகட்டும். பதிவுக் கருவியின் மீட்டரில் சாதாரணப் பேச்சு மைனஸ் 20-க்கும் மைனஸ் 12 டெசிபலுக்கும் இடையில் ஆட வேண்டும், உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது. உயர்ந்து வெடித்த சத்தத்தைச் சரிசெய்ய வழியில்லை, தாழ்ந்ததை ஓரளவு தூக்கலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். அதன் சுழற்சி ஒவ்வொரு டேக்கிலும் வேறு இடத்தில் இருப்பதால் வெட்டு விழும் இடத்திலெல்லாம் சத்தம் துள்ளும். வேண்டுமென்றால் விசிறிச் சத்தத்தை ஒரே நீளமாகப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜையும் அணையுங்கள். வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால் கிளம்பும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். எல்லாம் முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அறையின் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். வசனத்துக்கு நடுவே இடைவெளி விடும்போது இதைத்தான் நிரப்ப வேண்டும். எந்தச் சத்தமும் இல்லாத வெறும் சுழியத்தை விட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது போலிருக்கும்.

ஒவ்வொரு டேக்கிலும் ஆக்‌ஷன் சொன்ன பிறகு இரண்டு மூன்று நொடி விட்டு வசனம் தொடங்கட்டும், முடிந்த பிறகு ஐந்து நொடி கழித்து கட் சொல்லுங்கள். தம்பி எந்தச் சொல்லில் தண்ணீர் டம்ளரை எடுத்தான் என்று கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி) பார்ப்பவர் வசனத்தாளிலேயே குறித்துவைக்க வேண்டும். அசைவில் வெட்டுவதென்றால், அசைவு தொடங்குவதற்கு முன்போ முடிந்த பின்போ வெட்டாமல், கை பாதி வழியில் இருக்கும்போது வெட்டினால் கண் அசைவைத் தொடர்ந்துபோய் வெட்டைக் கவனிக்காது. இரண்டு டேக்கிலும் வெவ்வேறு கையால் எடுத்திருந்தால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

எடிட்டில் படத்தையும் சத்தத்தையும் ஒரே பிரேமில் வெட்டுவது தொடக்கத்தில் எல்லோரும் செய்வது. பேசுபவர் திரையில், பேச்சு முடிந்ததும் அடுத்தவர் திரையில் என்று டென்னிஸ் ஆட்டம் மாதிரி போகும். “அம்மா சங்கிலியை” என்ற சொல் முடிந்ததும் படத்தைத் தம்பிக்கு மாற்றி, அக்காவின் மிச்ச வசனத்தை அவன் முகத்தின் மேல் ஓடவிடுங்கள். கேட்பவர் முகத்தில்தான் செய்தி விழுகிறது. அவன் பதிலுக்கு முன் எத்தனை பிரேம் விடுவது என்பதே இந்தக் காட்சியின் முக்கிய முடிவு. 12 பிரேம் விட்டால் பழகிய பொய்யன், 50 விட்டால் முதல்முறை பொய் சொல்பவன். இரண்டையும் வெட்டிப் பாருங்கள்.

முடித்த பிரதியை, திரைக்கதை படிக்காத மூன்று பேருக்குத் தனித்தனியாகக் காட்டுங்கள். நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். அக்கா கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்தி, “இப்போ அக்காவுக்கு என்ன தெரியும்? தம்பிக்கு என்ன தெரியும்?” என்று கேளுங்கள். முதல் வகையில், சீட்டு எதற்கானது என்றே புரியவில்லை என்றால் இன்செர்ட் போதவில்லை, நீட்டுங்கள் அல்லது திரும்ப எடுங்கள். இரண்டாவது வகையில், அக்காவுக்கு ஒன்றுமே தெரியாது என்று மூவரும் அடித்துச் சொன்னால், பிரஷ் நின்றதை யாரும் கேட்கவில்லை. அந்த நொடிக்கு முன்னால் சத்தத்தைச் சற்று ஏற்றி, நின்ற பிறகு இரண்டு நொடியாவது வசனம் வராமல் பாருங்கள். மூன்றாவது வகையில் யாராவது முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால், எந்த ஷாட்டில் சந்தேகம் வந்தது என்று கேளுங்கள். அநேகமாக அது அக்காவின் ஒரு பார்வையாக இருக்கும், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாஸ்டரை வையுங்கள்.